முப்பது

சாப்பாட்டுக் கூடையில் வைத்து எடுத்து வந்தாள்
ஆஸ்டின் காரின் வேகமானியை.
மேலே ஒரு ஈரிழைத் துண்டு,
ஆறிவிடக் கூடாது என்பது போல.

பேர் பிரகாசி. பழைய வண்ணாரப்பேட்டை.
"முள்ளு ஆடுது" என்றாள்.
அன்றைக்கு அவ்வளவுதான்.

கண்ணாடி வளையத்தின் மடிப்பைச்
சுற்றிச் சுற்றி, குழந்தைக்கு நகம் வெட்டுகிற மாதிரி
கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும்.
உள்ளே கிரீஸ் கட்டிப் பெருங்காயமாக இறுகியிருந்தது.
மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு டீக்குப் போனேன்.
காசிமேடு வரைக்கும் கன்டெய்னர் லாரிகள்
விடியற்காலையிலிருந்து நிற்கின்றன.
அவற்றின் வேகத்தை அளக்க
தினசரி காலண்டர் போதும்.

முள்ளுக்கும் சக்கரத்துக்கும் நேர்த் தொடர்பு கிடையாது.
ஒரு காந்தம் சுற்றும்.
அதைத் தொடாமலே ஓர் அலுமினியக் கிண்ணம்
கூடப் போகப் பார்க்கும்.
தலைமயிர் போல ஒரு சுருள்வில்
போகாதே என்று இழுக்கும்.
இந்த இழுபறி எங்கே நிற்கிறதோ
அதை வேகம் என்கிறோம்.

தையல் மிஷின் எண்ணெய், ஊசி நுனியில்,
ஒரு சொட்டில் பாதி.
டிரில்லைத் தலைகீழாகச் சுற்றவிட்டுக் கேபிளை மாட்டினேன்.
முகப்பின் அடியில் பொடி எழுத்தில் 1600.
மைலுக்கு அத்தனை சுற்று.
நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு கொடுத்தால்
முள் நாற்பத்தைந்தில் நிற்க வேண்டும்.

முப்பதில் நின்றது.
ஆடவே இல்லை.

போனில் சொன்னேன்:
"ஆட்டம் போயிடுச்சும்மா. ஆனா குறைச்சுக் காட்டுது.
நாப்பத்தஞ்சுக்கு முப்பது."
அந்தப் பக்கம் யாரோ மீன் விலை பேசுவது மட்டும்
கொஞ்ச நேரம் கேட்டது.

வந்தாள். உட்காரவில்லை.
அப்பா சவரிராயன், கப்பல் கம்பெனி டிரைவர்.
எழுபத்திரண்டில், தங்கசாலைத் திருப்பத்தில்
ஒரு சைக்கிள்காரருக்குக் கால் போயிற்று.
தாரில் டயர் தேய்ந்த கோட்டை
டேப் வைத்து அளந்தார்கள்.
அப்பா முப்பது என்றார்.
கோர்ட்டில் முப்பது. ஜெயிலில் ஆறு மாசமும் முப்பது.
கம்பெனியை மூடி, பாக்கிச் சம்பளத்துக்கு
அதே வண்டியைத் தலையில் கட்டியபோதும் முப்பது.
ஒருநாள் அம்மா, "போதும், ஒத்துக்கோயேன்" என்றாளாம்.
அப்புறம் அந்த எண்ணை வீட்டில் யாரும் சொல்வதில்லை.
மாசத்தின் முப்பதாம் தேதிக்கு
'கடைசிக்கு முந்தின நாள்' என்று பேர்,
அதுவே கடைசியாக இருந்தாலும்.

"அப்போ அவரு பொய் சொல்லலை. இல்லே?"

காந்தம் வயதானால் களைக்கும்.
எப்போது களைத்தேன் என்று எழுதிவைக்காது.
எழுபத்திரண்டிலேயே இப்படியா,
ஷெட்டில் சும்மா நின்ற வருஷங்களிலா,
தெரியாது என்றேன்.
தெரியும் என்று சொல்லியிருக்கலாம். காசா, பணமா.

முள் முப்பதென்றால் வண்டி நாற்பத்தைந்து
என்பதையும் நான் சொல்லவில்லை.
"அந்தாளு காலு..." என்று ஆரம்பித்தவள்
டிரில்லைப் பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டாள்.

"சரி பண்ணினா இந்தத் தப்பு போயிடும்.
அப்புறம் காட்ட ஒண்ணும் இருக்காது. விட்டுடவா?"
"கல்யாணத்துக்கு வாடகை போற வண்டி.
என் பையன் ஓட்டுறான்.
சரி பண்ணிடு."

எதிர்க்கடை ஸ்பீக்கர்காரரிடம் காந்தமேற்றும் மிஷின் உண்டு.
ஒரே அடி. முள் எழுபதுக்குத் தாவியது.
கரன்ட் சுருளில் காட்டிக் காட்டி, பொறுமையாக இறக்கினேன்.
ஐம்பத்தெட்டு. ஐம்பது. நாற்பத்தேழு.
நாற்பத்தைந்து.
அறுபதில் சரி. பதினைந்தில் மட்டும் ஒரு மயிரிழை அதிகம்.
அது கிடக்கட்டும்.

மூடுவதற்கு முன் முகப்பைத் திருப்பிப்
பின்பக்கம் பென்சிலால் எழுதினேன்:
வந்தபோது 45க்கு 30. கீழே தேதி.
"யாரு பாப்பாங்க?"
"அடுத்து தொறக்கறவங்க."

கொஞ்சம் யோசித்தாள்.
"ஒரு பேரும் எழுது."
"அப்பா பேரா?"
"கன்னியப்பன்" என்றாள்.
"சைக்கிள்ல வந்தவரு."

பென்சில் மொட்டையாகியிருந்தது.
சீவிக்கொண்டு எழுதினேன்.